பிறவா வரமும் சீம்பாலும்

கண்டனூரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வாசல். முகப்பு ஒரு தெருவைப் பார்க்கும். வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று உள்ளே நடந்துகொண்டே போனால் பின்கதவு அடுத்த தெருவில் திறக்கும். கால்நடை மருத்துவராக நான் அரசு வேலை பார்த்த 31 வருடத்தில் எத்தனையோ நாள் அந்தப் பின்கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வந்திருக்கிறேன். பசு கன்று போட்ட கொட்டிலுக்குப் போய்வந்தேன் என்றால் ஆத்தா முகப்பில் கால் வைக்க விடமாட்டார். "தீட்டோட வளவுக்குள்ள வராதப்பா. கெணத்தடியில தண்ணிய ஊத்திக்கிட்டு வா" என்று உள்ளிருந்தே குரல் வரும்.

அதில் எனக்கு மனக்குறை இருந்ததில்லை. பிரசவ நீரில் புரூசெல்லா கிருமி இருக்கலாம். அது மனிதனுக்குத் தொற்றினால் காய்ச்சல் விட்டு விட்டு வந்து மாதக்கணக்கில் ஆளை உருக்கிவிடும். சோப்புப் போட்டு முழங்கைக்கு மேலே வரை தேய்த்துக் குளி என்று என் படிப்பும் சொன்னது. ஆனால் ஆத்தா சொன்ன தீட்டு கிருமியைப் பற்றியது அல்ல. பிறப்பு நடந்த இடத்தில் சாமிக்கு ஆகாதது ஏதோ இருக்கிறது என்பது அது. குளித்துவிட்டு வந்து நெற்றியில் திருநீறு பூசும்போது அந்தக் கையைப் பார்ப்பேன். கன்று உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள, உள்ளே கிடக்கும் அதன் வாயில் ஒரு விரலை வைப்போம். உயிருள்ள கன்று சப்பும். இருட்டுக்குள் முகம் தெரியாத ஓர் உயிர் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் சப்பிய விரல் அது. சாமிக்கு ஆகாதது அந்த விரலில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எனக்கு விளங்கியதே இல்லை.

ஆத்தாவுக்குத் திருவாசகம் மனப்பாடம். விளக்கு வைத்ததும் பட்டாலையில் உட்கார்ந்து சொல்லுவார். போற்றித் திருவகவலில் மாணிக்கவாசகர் யானை தொடங்கி எறும்பு வரைக்கும் உள்ள பிறவிகளைச் சொல்லிவிட்டு மனிதக் கருவுக்கு வருகிறார். மாதம் மாதமாக அதற்கு நேரக்கூடிய ஆபத்துகளையும், ஒவ்வொன்றிலிருந்தும் அது தப்பி வந்ததையும் எண்ணுகிறார். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கருவியல் பாடம் நடந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த அகவல்தான். கருவுக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு கண்டம் உண்டு என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஆத்தாவின் குரலில் கேட்டிருந்தேன்.

ஒன்பது மாதம் வரைக்கும் அது உள்ளே கிடந்தவரின் கணக்கு. பத்தாம் மாதத்துக்கு வரும்போதுதான் தாயோடு சேர்ந்து படுகிற துயரம் என்று அவளையும் சேர்த்துக்கொள்கிறார். அந்த ஓரிடத்தில் என் காது நின்றுவிடும். என் உத்தியோகம் முழுவதும் அந்தப் பத்தாம் மாதத்தில்தான் கழிந்தது.

1989 ஐப்பசி. அடைமழை. புதுவயல் தாண்டி ஒரு கிராமம். தலையீத்துக் கிடேரி. சாயங்காலமே தண்ணிக்குடம் உடைந்திருக்கிறது, எனக்கு ஆள் வந்ததோ இரவு இரண்டு மணிக்கு. போய்ப் பார்த்தால் கன்றின் முன்னங்கால் இரண்டும் வெளியே வந்திருக்கின்றன, தலையைக் காணோம். தலை பின்பக்கமாக மடங்கி விலாவோடு கிடந்தது. அது தெரியாமல் வீட்டார் காலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். இழுக்க இழுக்கத் தலை இன்னும் மடங்கும். கையை விட்டு வாயைத் தேடி விரலை வைத்தேன். சப்பவில்லை.

கன்று போய்விட்டது. தாயையாவது காப்பாற்ற வேண்டும். காலை உள்ளே தள்ளி, தலையைத் திருப்பி, கயிறு போட்டு எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற வீட்டுக்கார அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "அது செஞ்ச வினை டாக்டரையா. நாம என்ன செய்ய முடியும்?" நல்ல மனுஷி. அந்தப் பசுவைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். தன் மனதை ஆற்றிக்கொள்ளச் சொன்ன சொல்தான் அது. ஆனால் பசு தட்டுத் தடுமாறி எழுந்து, செத்த கன்றை நக்க ஆரம்பித்தது. மூக்கை நக்கி, காதை நக்கி, மேலெல்லாம் நக்கி, நடுநடுவே அடித்தொண்டையில் ஒரு சத்தம் கொடுத்தது. கன்று எழுந்தால் கேட்கட்டும் என்று கொடுக்கும் சத்தம். விடியும்வரை அது நிறுத்தவில்லை. பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனபோது, கன்றின் தோலில் வைக்கோலைத் திணித்துத் தாய்க்கு முன்னால் நிறுத்திப் பால் கறந்துகொண்டிருந்தார்கள். பசு அந்தத் தோல்கன்றையும் நக்கிக்கொண்டிருந்தது.

வினை என்ற சொல்லை அன்றிலிருந்து நான் கொட்டிலுக்குள் எடுத்துப்போவதில்லை. வினை இல்லை என்று சொல்ல வரவில்லை. நான் சைவன், அந்த நம்பிக்கையில் வளர்ந்தவன். எங்கள் ஐயா பர்மாவில் கடை வைத்திருந்தவர். பேரேடு என்றால் என்ன மரியாதை என்று அவரிடம் பார்த்திருக்கிறேன். தன் கடைப் பேரேட்டை ஒருவன் தினமும் பிரித்துப் பார்க்க வேண்டும், பற்று வரவு சரியா என்று தன்னையே கேட்க வேண்டும். அடுத்த கடைப் பேரேட்டைப் பிரிக்கும் உரிமை எவனுக்கும் கிடையாது. வினையும் அப்படித்தான். எனக்கு ஒரு துன்பம் வந்தால் என் வினை என்று நான் சொல்லிக்கொள்ளலாம், அது என்னைத் திருத்தும். வலியில் கிடக்கும் இன்னோர் உயிரைப் பார்த்து அதன் வினை என்று நான் சொல்வது அதன் பேரேட்டில் நான் கை வைப்பது.

ஓய்வு பெற்ற பிறகு, காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள கோவிலூர் மடத்துக்குப் போய் வேதாந்தம் கேட்டேன். கைவல்ய நவநீதம் பாடம். ஆன்மா பிறப்பதும் இல்லை, சாவதும் இல்லை என்பது அறிவுக்குப் பட்டது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தத் தோல்கன்று கண்முன் வந்து நிற்கும். சைவ சித்தாந்தம் எனக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கம். உயிர் ஆணவ இருளில் கிடக்கிறது, விடியும்வரைக்கும் அதற்கு ஏற்றிக் கொடுத்த விளக்குதான் உடம்பு என்கிறார்கள். அப்படியானால் பிறப்பு ஒரு தண்டனை அல்ல, உதவி. விளக்கு ஏற்றப்படும் இடம் எப்படித் தீட்டு ஆகும்?

இப்படிப்பட்ட கேள்விகளை நான் யாரிடமும் கேட்காமலே வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றை என் மகள் கேட்டுவிட்டாள்.

2014 செப்டம்பரில் அவளுடைய பேறுகாலத்துக்காக நானும் என் வீட்டு ஆச்சியும் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்துக்குப் போயிருந்தோம். அவர்கள் வீட்டுக்கு இரண்டு மைல் தள்ளி, ஓய்வு பெற்ற பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர் பதினைந்து அல்பாக்கா வளர்த்தார். ஒட்டக இனம்தான், திமில் கிடையாது. நம் செம்மறியைவிடக் கொஞ்சம் பெரியது, கழுத்து நீளம், உடம்பெல்லாம் ரோமம். லாமா அதே குடும்பத்தில் இன்னும் பெரியது. இரண்டுமே தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்காரர்களோடு ஆறாயிரம் ஆண்டுக்கும் மேலாக வாழ்ந்து வருபவை. மாட்டு டாக்டர் என்று என்னைப் பற்றி மகள் சொல்லியிருந்ததால், ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அந்த அம்மாளிடமிருந்து போன் வந்தது. ஒன்று குட்டி போடப்போகிறது, வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டார். மகள் நானும் வருகிறேன் என்று வயிற்றைத் தாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நான் போனதும் பழக்கதோஷத்தில் சட்டைக் கையைச் சுருட்டினேன். அந்த அம்மாள் கையைக் காட்டித் தடுத்துவிட்டார். பொறுங்கள், அவளுக்குத் தெரியும் என்றார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பிரசவத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தாய் நின்றுகொண்டே ஈன்றது. முதலில் மூக்கு, பிறகு முன்னங்கால் இரண்டு, பிறகு அந்த நீளக் கழுத்து. பாதி உடம்பு வெளியே வந்து தலைகீழாகத் தொங்கியது. நம் ஊராக இருந்தால் அந்நேரம் நாலு பேர் பிடித்து இழுத்திருப்பார்கள். ஆனால் அப்படித் தொங்கும்போதுதான் குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள நீர் வடிகிறது. அரை மணி நேரத்துக்குள் பொத்தென்று புல்லில் விழுந்தது. ஏழு கிலோ. பெட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

தாய் அதை நக்கவில்லை. என் கண்கள் அதற்காகத்தான் காத்திருந்தன. 31 வருடம் பார்த்த காட்சி அது. நக்குவதில்தான் கன்றுக்கு ரத்தம் ஓடும், மேல் காயும், உயிர் நிலைக்கும். ஆனால் அல்பாக்காவுக்கும் லாமாவுக்கும் நாக்கு அடியில் கட்டுப்பட்டிருக்கிறது, உதட்டைத் தாண்டி வெளியே வராது. அதனால் நக்க முடியாது. மூக்கால் தொட்டுத் தொட்டு 'ம்ம்' என்று ஒரு முனகல் கொடுத்துக்கொண்டே நின்றது. குட்டியின் மேல் சல்லாத்துணி போல ஒரு மெல்லிய சவ்வு இருந்தது, அது வெயிலில் காய்ந்து உதிர்ந்தது. தாயின் நாக்கு செய்யாததை வெயில் செய்தது. முக்கால் மணியில் குட்டி எழுந்து நின்று மடியைத் தேடியது.

இவை ஏறக்குறைய எப்போதும் பகலில்தான், பெரும்பாலும் காலையிலிருந்து நண்பகல் கடந்து கொஞ்ச நேரம் வரைக்குள் ஈனுகின்றன. நான்காயிரம் மீட்டர் உயரத்தில், இரவானால் உறைபனி விழும் மேட்டு நிலத்தில், ஈரத்தோடு இரவில் விழும் குட்டி பிழைக்காது. இது என்ன அருள் என்று வாய்வரை வந்தது. படித்த படிப்பு தடுத்தது. இரவில் ஈன்றவற்றின் குட்டிகள் செத்துச் செத்து, பகலில் ஈன்றவற்றின் வம்சம் நிலைத்திருக்கிறது என்றுதான் விஞ்ஞானம் இதைப் புரிந்துகொள்ளும். இந்த ஒரு காலை நேரத்துக்குப் பின்னால் எத்தனை ராத்திரிகளின் பனியில் எத்தனை குட்டிகள் கிடந்தனவோ. அருள் என்ற சொல்லை நான் விட்டுவிடவில்லை. அதற்கு இவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் மகள் கேட்டாள். "அப்பச்சி, அதுக்கும் வலிச்சிருக்குமா? சத்தமே போடலையே."

"வலிக்கும்மா. சத்தம் போட்டா அந்த மலையில பூமாங்கிற வேட்டை மிருகத்துக்குக் கேட்டுரும். அதான் அடக்கிக்கிருது. காதைப் பின்னால சாய்ச்சுது பாத்தியா? அசைபோடுறத நிறுத்திருச்சு. ரெண்டு தரம் படுத்து எந்திரிச்சிருச்சு. திரும்பித் திரும்பி விலாவைப் பாத்துச்சு. மாடும் அப்படித்தான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்பத்தாவின் மடியில் திருவாசகம் கேட்டு வளர்ந்த பெண். "எனக்கு வலிச்சா என் வினைன்னு வச்சுக்கிறேன். அது என்ன பாவம் பண்ணுச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. அந்தத் தாய் அல்பாக்காவின் வாழ்க்கையை வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நம் ஆட்டுக்கு ஐந்து மாதம், பசுவுக்கு ஒன்பது மாதமும் சில நாளும். இதற்குப் பதினொன்றரை மாதம். ஈன்று இரண்டு மூன்று வாரத்தில் மறுபடி கிடாயோடு விடுவார்கள். வருடத்தில் சில வாரம் போக மிச்சம் முழுக்கச் சினைதான். பெருவில் குட்டிகள் நெருக்கமான பட்டியில் குடல் நோய் வந்து கூட்டமாகச் சாவதும் உண்டு. அதற்குக் காரணமான பட்டி மனிதன் கட்டியது. பாவத்தைத் தேடுவதென்றால் அங்கே தேடலாம், அந்தத் தாயிடம் தேடக்கூடாது.

நான்காம் நாள் மகளுக்கு வலி கண்டது. ஆச்சி உள்ளே இருந்தார், நான் ஆஸ்பத்திரி நடையில். இத்தனை கன்றை எடுத்த கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. அப்போது என் வாயில் பிறவா வரம் தா என்ற பிரார்த்தனை வரவில்லை. தாயுமானவரே என்றுதான் வந்தது.

திருச்சி மலைக்கோட்டைக் கதை நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் அந்த நடையில் அன்றைக்குத்தான் எனக்கு அது முழுதாகக் கேட்டது. ரத்னாவதி என்ற வணிகர் வீட்டுப் பெண்ணுக்குப் பேறுகாலம். காவிரியில் வெள்ளம். பூம்புகாரிலிருந்து வரவேண்டிய தாய் அக்கரையில் நிற்கிறாள். சிவபெருமான் அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்த பிறகுதான் வந்தவர் யார் என்று தெரிகிறது. இதைச் செட்டிப்பெண் மருத்துவம் என்று அந்தக் கோயில் திருவிழாவில் இன்றும் நடத்திக் காட்டுகிறார்கள். செவ்வந்திநாதர் என்ற பெயர் பின்னால் போய்த் தாயுமானவர் என்ற பெயர் நின்றதே இதனால்தான். அவர் வந்து அந்தப் பெண்ணிடம் உன் வினை என்றாரா? பிறவி ஒரு கடல் என்று உபதேசம் செய்தாரா? வெந்நீர் போட்டிருப்பார், இடுப்பைப் பிடித்துவிட்டிருப்பார். தீட்டு என்று ஒதுங்கி நிற்கவில்லை. கையை நனைத்திருக்கிறார்.

மதுரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். திருவிளையாடற் புராணத்தில் பன்றிக்குட்டிகளுக்கு முலை கொடுத்த படலம் என்று ஒன்று இருக்கிறது. பாண்டியன் வேட்டையில் தாய்ப்பன்றி செத்துவிட, பன்னிரண்டு குட்டிகள் பசியில் கத்துகின்றன. சொக்கநாதர் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுக்கிறார். அந்தக் குட்டிகள் முற்பிறப்பில் சாபம் வாங்கியவை என்று புராணமே சொல்கிறது. அதாவது, வினை இருந்தது. வினை இருப்பது தெரிந்தும் அவர் முதலில் கொடுத்தது பால்.

காரைக்கால் அம்மையார் இறைவனிடம் பிறவாமை கேட்டவர். ஒருவேளை பிறந்தால் உன்னை மறவாமை வேண்டும் என்றும் கேட்டார். அதைக் கேட்பதற்கு முன்னால், பிறப்பே இல்லாத சிவன் அவரைப் பார்த்து அம்மையே என்று அழைத்ததாகச் சேக்கிழார் சொல்கிறார். தாய் என்று ஒருத்தி இல்லாதவர், இனிப் பிறக்கவே வேண்டாம் என்று வந்து நிற்பவரைத் தாயே என்கிறார். இதில் எனக்கு இன்னும் முழுதாக விளங்காதது நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும் விளங்கியது. பிறவாமை நான் எனக்காகக் கேட்டுக்கொள்ள வேண்டியது. பக்கத்தில் ஓர் உயிர் பெறத் துடிக்கும்போது அதைக் கேட்டுக்கொண்டு நிற்பது முறையல்ல. அந்நேரம் செய்ய வேண்டியதைச் சாமியே வந்து செய்து காட்டியிருக்கிறார். மகளுக்கு அன்று இரவு இதைச் சொன்னேன். பேரனுக்குப் பால் கொடுத்துக்கொண்டே கேட்டாள். "அப்ப அதோட பாவம் என்னன்னு யாரும் பார்க்க வேணாம்" என்றாள். ஆமாம் என்றேன்.

பால் கொடுக்கும் தாயை ஆண்டிஸ் மலைக்காரர்கள் வானத்திலும் பார்க்கிறார்கள், ஒரு லாமாவாக. நட்சத்திரங்களைக் கோடு போட்டுச் சேர்த்த உருவம் அல்ல, பால்வீதியின் நடுவே இருக்கும் கருமைதான் அதன் உடம்பு. 1608 வாக்கில் கெச்சுவா மொழியில் எழுதப்பட்ட ஹுவாரோசிரி ஏடு அதை யாகானா என்கிறது. அதற்கு ஒரு குட்டி உண்டு, அது தாயிடம் பால் குடித்துக்கொண்டிருக்கிறது என்கிறது அந்த ஏடு. ஆல்பா செண்டாரி, பீட்டா செண்டாரி என்ற இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் லாமாவின் கண்கள். அவை கண்டனூரிலும் தெரியும். வைகாசி பின்பாதியில் இரவு ஒன்பது, பத்து மணிக்கு மொட்டைமாடியில் ஏறித் தெற்கே தாழப் பார்த்தால் இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும். பேரனுக்குப் போன வருடம் காட்டினேன்.

ஆத்தா இப்போது இல்லை. எங்கள் பின்கட்டில் மாடும் இல்லை. ஆனால் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து இன்னமும் என்னைத் தேடி வருகிறார்கள். கை முன்போல வலுவாக இல்லை, கூட நின்று சொல்கிறேன். அங்கெல்லாம் நான் பார்க்கும் ஒரு பழக்கத்தைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பசு கன்று போட்டதும் இளங்கொடி விழுகிற வரைக்கும் கன்றை மடியில் விடாமல் கட்டி வைக்கிறார்கள். இளங்கொடி விழுந்த பிறகு அதை வைக்கோலில் பொதிந்து ஆலமரத்தில் கட்டுகிறார்கள். அது நல்ல வழக்கம், நாய் இழுக்காமல் இருக்கும். அதன் பிறகு சீம்பாலைக் கறந்து, வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துப் பக்கத்து வீட்டுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். மிச்சம்தான் கன்றுக்கு. மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்புச் சக்தி கருப்பையிலேயே கொஞ்சம் கிடைத்துவிடும். கன்றுக்கும், ஆட்டுக்குட்டிக்கும், அந்த அல்பாக்காக் குட்டிக்கும் அப்படி எதுவும் கிடைப்பதில்லை. முழுக்கச் சீம்பாலில்தான் வரவேண்டும். அதை உள்ளே வாங்கும் கதவு கன்றின் குடலில் பிறந்த நேரத்திலிருந்தே மூடத் தொடங்கி, ஒரு நாளில் அடைத்துவிடும். இருபத்தைந்து கிலோ கன்றுக்கு முதல் நாளில் இரண்டரை லிட்டராவது உள்ளே போக வேண்டும்.

ஆகவே உங்கள் கொட்டிலில் கன்று விழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் அதை மடியில் விடுங்கள். சாமிக்கு என்று எடுத்து வைப்பதும், பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் அதற்குப் பிறகு இருக்கட்டும். இளங்கொடி விழட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கன்று முட்டி முட்டி ஊட்டினால் இளங்கொடியும் சீக்கிரம் விழும்.